ஹட்டனில் சேமித்தது தோட்டத்தில் திறக்குமா?

ஆபீஸில் ஆளுக்கொரு கணினி இருக்கும்வரை இந்தக் கேள்வி யாருக்கும் வருவதில்லை. உங்கள் கணினி பழுதாகிப் பக்கத்து மேசையில் உட்காரும் நாளில்தான் வருகிறது. அதே பெயரை அடிக்கிறீர்கள், அதே கடவுச்சொல். பின்னணியில் பிள்ளையின் படம், இடப்பக்கம் நீங்கள் அடுக்கிவைத்த கோப்புகள், நேற்றுப் பாதியில் விட்ட கடிதம் என்று எல்லாம் வந்து நிற்கின்றன. இந்தக் கணினியை நீங்கள் இதுவரை தொட்டதே இல்லை. பிறகு எப்படி?

கொஞ்ச நேரத்தில் அடுத்த குழப்பம். கடிதம் வந்திருக்கிறது, அதிலுள்ள தமிழ் மட்டும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. குரோமில் சேர்த்துவைத்த பக்கக்குறிகளைக் காணோம். ஃபயர்ஃபொக்ஸில் சேர்த்தவை பத்திரமாக இருக்கின்றன. முதல்தடவை ஒரு மணி நேரத்துக்குமேல் காக்கவைத்த கணினி இன்று உடனே திறக்கிறது, ஆனால் காட்டுவது போன வாரத்துத் திரை.

மலையகத் தோட்டக் கம்பனிகளில் இப்படி இடம் மாறி உட்காரும் வேலை நிறைய உண்டு. 1970களில் அரசுடைமையாக்கப்பட்ட தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனது. ஒரு கம்பனியின்கீழ் பல தோட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆபீஸ், ஒரு பெக்டரி, மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று டிவிசன்கள். மாத முடிவில் செக்ரோல் என்ற தொழிலாளர் வரவு, சம்பளக் கணக்கோடு கிளாக்கர் கம்பனியின் ஹட்டன் ஆபீஸுக்கு இறங்குகிறார். உதவி நிர்வாகியான சின்னதுரை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாகிறார். டீமேக்கர் பெக்டரிக் கணினியில் பாதியும் ஆபீஸ் கணினியில் பாதியுமாக வேலை பார்க்கிறார். மனிதர் நகரும்போது அவருடைய எந்தக் கோப்புறை கூடப் போகவேண்டும், எது போகக்கூடாது? வலையமைப்பைப் பராமரிப்பவர்களுக்கு இது அன்றாட வேலை. அதைச் சரியாகச் செய்தார்களா என்பது நமக்குக் காலையில் காத்திருக்கும் நேரத்தில் தெரிந்துவிடும்.

ஒரு பெயரின்கீழ் இருப்பவை

விண்டோஸ் கணினியில் ஒவ்வொருவருக்கும் அவர் பெயரில் ஒரு பெரிய கோப்புறை இருக்கிறது. இதை இந்த அத்தியாயம் முழுக்கப் பயனர் தொகுப்பு என்று சொல்வோம். டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் அதற்குள்தான். திரையில் தெரியும் ‘டெஸ்க்டொப்’ தனியான ஓர் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் வட்டில் உள்ள சாதாரணக் கோப்புறை. அதில் ஸ்கேன் படங்களைக் குவித்தால் தொகுப்பின் எடை அந்தளவுக்கு ஏறும்.

கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்ட ஒரு கோப்புறையும் உண்டு. அதன் பெயர் ஆப்டேட்டா. நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள்கள் உங்களைப் பற்றி வைத்திருக்கும் குறிப்பெல்லாம் அங்கே சேர்கிறது. 2007 தொடக்கத்தில் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் மைக்ரோசொஃப்ட் இதை மூன்று அறைகளாகப் பிரித்தது: ரோமிங், லொகல், லொகல்லோ. ஆளோடு போகவேண்டியவை ரோமிங் அறைக்கு. இந்தக் கணினிக்கு மட்டும் பொருந்துபவையும் பாரமான தற்காலிகக் கோப்புகளும் லொகல் அறைக்கு. லொகல்லோ என்பது பாதுகாப்புக்காகக் கைகட்டி ஓடவிடப்படும் மென்பொருள்களுக்கான ஒதுக்கிடம். அதுவும் கணினியோடே தங்கும்.

இவற்றோடு பதிவேட்டுக் கோப்பு ஒன்று. பின்னணிப் படம், விசைப்பலகைத் தெரிவு, திகதி எழுதும் முறை போன்ற ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன விருப்பங்கள் இந்த ஒரே கோப்பில் குறிக்கப்பட்டிருக்கின்றன. அளவில் சில மெகாபைட்தான். ஆனால் இது வராவிட்டால் அந்தக் கணினி உங்களை அடையாளம் தெரியாதவராகத்தான் நடத்தும்.

குரோம், ஃபயர்ஃபொக்ஸ் புதிர் இங்கேயே தீர்ந்துவிடுகிறது. ஃபயர்ஃபொக்ஸ் தன் பக்கக்குறிகளை ரோமிங் அறையில் வைக்கிறது, குரோம் லொகல் அறையில். எந்தப் பொருளை எந்த அறையில் வைப்பது என்பதை மென்பொருளை எழுதியவர்கள் தீர்மானித்துவிட்டார்கள்.

இரண்டு பாதைகள்

எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவரவர் கோப்புகள் கிடைக்கவேண்டும் என்ற கனவு விண்டோஸைவிட வயதில் மூத்தது. 1983இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், டிஜிட்டல், ஐபிஎம் ஆகிய இரு நிறுவனங்களின் துணையோடு ‘அத்தீனா’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. வளாகமெங்கும் கணினிகள், ஆயிரக்கணக்கில் மாணவர்கள். யாருக்கும் சொந்தக் கணினி கிடையாது. அவர்கள் தேர்ந்த பாதை, மாணவருடைய கோப்புகளை மைய சர்வரிலேயே வைத்துவிடுவது. முன்னால் இருக்கும் கணினி அங்கிருந்து எடுத்துக் காட்டும், அவ்வளவுதான். ஆள் எழுந்து போனபின் அந்தக் கணினி யாருக்கும் சொந்தமில்லாத நிலைக்குத் திரும்பிவிடும். அந்தத் திட்டத்துக்காகச் செய்த ‘கேர்பெரோஸ்’ என்ற அடையாளச் சீட்டு முறையைத்தான் விண்டோஸ் வலையமைப்பு இன்றும் பயன்படுத்துகிறது. ஹட்டன் ஆபீஸில் காலையில் கடவுச்சொல் அடிக்கும் கிளாக்கர், அந்த மாணவர்களுக்காகப் போட்ட பூட்டைத்தான் திறக்கிறார்.

மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் என்டி காலத்தில் தேர்ந்தது வேறு பாதை. தொகுப்பின் மூலப்பிரதி சர்வரில் இருக்கும். நீங்கள் உள்நுழையும்போது அது கணினியின் வட்டுக்கு இறங்கும். வெளியேறும்போது மாறியவை மட்டும் சர்வருக்கு ஏறும். இதைக் கூடவரும் தொகுப்பு என்போம். நடுவில் இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது, வட்டிலிருந்தே ஓடுவதால் வேகமும் இருக்கும். விலையாகக் கொடுக்கவேண்டியது ஏற்றி இறக்கும் நேரம்.

2000 பெப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000 அத்தீனாவின் பாதையையும் சேர்த்துக்கொண்டது. டொக்கியுமென்ட்ஸ் போன்ற ஒரு குறிப்பிட்ட கோப்புறையை மட்டும் நிரந்தரமாகச் சர்வருக்குத் திருப்பிவிடலாம். பார்ப்பதற்கு உங்கள் கணினியில் இருப்பதுபோலவே இருக்கும், இருப்பதென்னவோ சர்வரில். இது திசைமாற்றம். ஆகவே வலையமைப்பை நடத்துபவர் கையில் இன்று மூன்று தெரிவுகள் உள்ளன: கூட்டிப்போகலாம், விட்டுப்போகலாம், இருந்த இடத்திலேயே வைத்துப் பார்க்கவிடலாம்.

சின்னதுரை மாற்றலாகும்போது தோட்டத்தில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். பெட்டியும் புத்தகங்களும் நாயும் அவரோடு வண்டியில் ஏறும். பங்களாக் கட்டிலும் சாப்பாட்டு மேசையும் தோட்டத்துச் சொத்துப் பட்டியலில் உள்ளவை. அடுத்து வருபவருக்காக அங்கேயே கிடக்கும். செக்ரோல் புத்தகமோ யாருடைய பெட்டிக்கும் போகாது. பார்க்கவேண்டியவர் ஆபீஸுக்கு வந்துதான் பார்க்கவேண்டும். பங்களா விஷயத்தில் யாரும் குழம்புவதில்லை. கணினியில் மட்டும் கட்டிலையும் மேசையையும் தினமும் வண்டியில் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு கிளாக்கரும் 1,200 மெகாபைட்டும்

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். தோட்டமொன்றில் செக்ரோல் பார்க்கும் கிளாக்கர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கம்பனியின் சர்வர் ஹட்டன் ஆபீஸில் இருக்கிறது. ஹட்டனுக்குள் கணினிகளை இணைக்கும் கம்பி நொடிக்கு 100 மெகாபிட் கடத்தும். தோட்டத்துக்கும் ஹட்டனுக்கும் இடையிலான இணைப்பு நொடிக்கு 2 மெகாபிட். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. மலை மறைத்து, மழை கெடுத்து, பலரும் ஒரே நேரத்தில் பங்குபோடும் இணைப்பில் இதற்குக் குறைவாகவும் கிடைக்கும்.

அவருடைய தொகுப்பை எடைபோடுவோம். டொக்கியுமென்ட்ஸ் 300 மெகாபைட். பெரும்பகுதி செக்ரோல், முற்பணக் கணக்கு எக்செல் தாள்கள். டெஸ்க்டொப் 90, அத்தனையும் ஸ்கேன் செய்த ஈ.பி.எஃப். படிவங்கள். பிக்சர்ஸ் 400. டவுன்லோட்ஸ் 250. ரோமிங் அறை 160. கூட்டினால் 1,200. லொகல் அறையில் இன்னும் எவ்வளவோ இருக்கும். அது வழமையாகவே பயணத்தில் சேர்வதில்லை என்பதால் விட்டுவிடுவோம்.

எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 2 மெகாபிட் என்பது நொடிக்குக் கால் மெகாபைட். 1,200 மெகாபைட் இறங்க 4,800 நொடி, அதாவது 80 நிமிடம். மாத முடிவு வேலையை ஹட்டனில் முடித்துவிட்டு வந்த கிளாக்கர், தோட்டத்து ஆபீஸில் புதிதாக வைத்த கணினியில் காலை எட்டு மணிக்குப் பெயரை அடித்தால் ஒன்பது இருபதுக்குத்தான் திரையைப் பார்ப்பார். பத்தாம் திகதிச் சம்பளம் நெருங்கும் வாரத்தில் இது சின்ன விஷயமில்லை.

அதே தொகுப்பை ஹட்டனில் திறந்தால்? நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட் வேகத்தில் 96 நொடி. எந்த ஒழுங்கையும் அமைத்து, சோதித்து, ‘சரியாக இருக்கிறது’ என்று கையெழுத்திடுபவர் சர்வருக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தெரிவது 96 நொடி. மலைமேல் இருப்பவர் படும் 80 நிமிடம் அவர் திரையில் ஒருபோதும் தோன்றாது. இந்த விஷயத்தில் நான் பிடிவாதமாகச் சொல்வது இதைத்தான்: எந்தக் கோப்புறை போகவேண்டும் என்ற முடிவை, வலையமைப்பின் கடைசிக் கணினியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எடுக்கவேண்டும்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். டொக்கியுமென்ட்ஸும் டெஸ்க்டொப்பும் கம்பனியின் வேலை. தொலைந்தால் தொழிலாளியின் சம்பளத்தில் கைவைக்கும். இவை சர்வரில் இருக்கவேண்டியவை. அதற்காக 390 மெகாபைட்டையும் சுமந்துகொண்டு போகவேண்டியதில்லை. திசைமாற்றிவிட்டால் அன்று தேவையான ஓர் எக்செல் தாள் மட்டும் கம்பியில் வரும். 5 மெகாபைட் தாளுக்கு 20 நொடி. இணைப்பு அறுந்துபோகும் நாளுக்காக அவற்றின் பிரதியைக் கணினியிலும் வைத்துக்கொள்ளும் வசதியையும் விண்டோஸ் 2000 கொண்டுவந்தது. அதையும் போட்டுவிடவேண்டும். முதல்தடவை பிரதியெடுக்க நேரம் பிடிக்கும், ஆனால் அது பின்னணியில் நடக்கும். கிளாக்கர் வேலையைப் பார்க்கலாம்.

டவுன்லோட்ஸை விட்டுப்போகலாம். வேண்டியதை டொக்கியுமென்ட்ஸில் போட்டுவைக்கச் சொன்னால் போதும்.

பிக்சர்ஸ் கொஞ்சம் சங்கடமானது. மகளின் சடங்குப் படங்களும் அதில் இருக்கும், ஏழாம் நம்பர் மலையில் மண் சரிந்து கான் அடைபட்டதைக் காப்புறுதிக்காக எடுத்த படங்களும் இருக்கும். மொத்தமாக விட்டுப்போனால் அந்தக் கணினியின் வட்டு செத்த அன்று இரண்டும் போய்விடும். வேலைப் படங்களை முதலில் டொக்கியுமென்ட்ஸுக்கு மாற்றி, சொந்தப் படங்களைப் பென்டிரைவில் வீட்டுக்கு எடுத்துப்போக அவருக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுத்து, அதன்பிறகு விலக்குவதுதான் முறை. முன்னறிவித்தல் இல்லாமல் விலக்கினால் அவர் ஹட்டனில் பிக்சர்ஸைத் திறந்து வெறுமையைப் பார்த்துப் பதறிப்போவார்.

கடைசியாக ரோமிங் அறையின் 160. ஆளோடு போகவேண்டியவை மட்டுமே இங்கே இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. திறந்து பார்த்தால் அதில் 110 மெகாபைட் ஸூம் என்று வைத்துக்கொள்வோம். 2020இல் ஊரடங்கு வந்தபோது கூட்டங்களுக்காக எல்லோரும் அவசரமாக இறக்கிய அதே ஸூம். நிர்வாகியின் அனுமதி கேட்காமல் நிறுவும்போது அது தன்னையே ரோமிங் அறைக்குள் நிறுவிக்கொள்ளும். ஆக, ஒரு முழு மென்பொருளும் தினமும் கிளாக்கரோடு மலையேறத் தயாராகிவிடுகிறது. மைக்ரோசொஃப்ட்டின் பழைய டீம்ஸும் தன் தற்காலிகக் கோப்புகளை இதே அறையில் கொட்டிவந்தது. அறையை வகுத்த நிறுவனமே அதன் ஒழுங்கைக் காக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஸூமை விலக்கினால் மிச்சம் 50 மெகாபைட். இறங்க 200 நொடி. மூன்றேகால் நிமிடம் என்று வையுங்கள். அதுவும் ஒரு கணினியில் முதல்தடவை மட்டும். அடுத்த நாளிலிருந்து மாறியவை மட்டும்தான். 3 மெகாபைட் என்றால் 12 நொடி.

விலக்குப் பட்டியல்

விலக்குவது எப்படி நடக்கிறது? சர்வரை நிர்வகிப்பவர் ஒரே இடத்தில் விதி எழுத, அது வலையமைப்பிலுள்ள எல்லாருக்கும் போய்ச்சேரும் ஏற்பாடு ஒன்று விண்டோஸில் உண்டு. குழுக் கொள்கை என்று பெயர். அதில் ஒரு விதி, கூடவரும் தொகுப்பிலிருந்து நீக்கவேண்டிய கோப்புறைகளின் பெயரைக் கேட்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக அரைப்புள்ளியிட்டு எழுதவேண்டும், தொகுப்பின் வாசலிலிருந்து வழி சொல்லும் முறையில். ‘ஆப்டேட்டாவுக்குள் ரோமிங்குக்குள் ஸூம்’ என்று முழு வழியும் வரவேண்டும்.

இந்த ஒருவரிப் பெட்டி பார்ப்பதற்கு எளிது, பலரையும் சறுக்கவைத்தது. ஓர் எழுத்துப் பிழைத்தால் எச்சரிக்கை எதுவும் வராது. அந்தப் பெயரில் கோப்புறை இல்லாததால் எதுவும் விலக்கப்படாமல் பாரம் அப்படியே நீடிக்கும். கோப்புறையை விலக்கியதால் சர்வரில் ஏற்கெனவே உள்ள அதன் பழைய பிரதி தானாக அழிவதுமில்லை. லொகல் அறையை இந்தப் பட்டியல் மூலம் பயணத்தில் சேர்க்கவும் முடியாது. பட்டியலுக்குக் கழிக்கத்தான் தெரியும். குரோம் பக்கக்குறிகளை இந்த வழியில் கூட்டிவர முடியாததற்குக் காரணம் அதுதான்.

பெரிய ஆபத்து இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. பாரத்தைக் கண்டு எரிச்சலுற்று, ரோமிங் அறை முழுவதையும் விலக்கிவிடும் ஆசை. காலைத் தாமதம் நிச்சயம் குறையும். கூடவே காணாமற்போகும் சின்னப் பொருள்களைப் பாருங்கள். கிளாக்கர் வேர்டில் சேர்த்துச் சேர்த்துவைத்த சொந்த அகராதி அந்த அறையில் இருக்கிறது. லிந்துலை, பொகவந்தலாவை, டயகம என்று ஆங்கிலத்தில் அடிக்கும்போதெல்லாம் சிவப்புக்கோடு வராமலிருப்பது அந்த அகராதியால்தான். மின்னஞ்சலின் அடியில் தானாக வரும் கையொப்பமும் வேர்டின் அடிப்படை வார்ப்புருவும் அங்கேதான். இவையெல்லாம் போனால் சலிப்பு. அடுத்தது போனால் முடக்கம். நீங்கள் கணினியில் சேமித்துவைத்த கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் திறவுகோல்கள் ரோமிங் அறைக்குள் ‘புரொடெக்ட்’ என்ற கோப்புறையில் இருக்கின்றன. சில கிலோபைட் எடைகூட வராத கோப்புகள். அவை கூட வராவிட்டால் பூட்டிய பெட்டி வந்தும் திறக்க வழியில்லை. எடையை மட்டும் பார்த்துப் பட்டியல் எழுதுபவருக்கு இது கண்ணில் படவே படாது.

எழுத்து ஏன் கூட வரவில்லை

தமிழில் வேலை செய்யும் ஆபீஸ்களைப் படுத்தும் ஒரு சிக்கலுக்கு வருவோம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் பெரும்பாலும் இதைப் பேசுவதில்லை. ஹட்டன் ஆபீஸில் இப்படியொரு பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“தம்பி, தோட்டத்துல அடிச்ச கடிதம்தான் இது. அங்க நல்லா தமிழ்ல இருந்துச்சு. இங்க பாருங்க, ஒண்ணும் வாசிக்க ஏலாது.”

“பாமினில அடிச்சீங்களா ஐயா?”

“பாமினிதான். வேற என்னத்துல அடிக்க?”

பாமினி யுனிகோடுக்கு முற்பட்ட எழுத்துரு. அதில் தமிழ் எழுத்துக்குத் தனி எண் கிடையாது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். கோப்பில் உண்மையில் பதிவாவது ஆங்கில எழுத்துதான். ‘அம்மா’ என்று அடித்தால் உள்ளே எழுதப்படுவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி நிறுவிய கணினி அதை ‘அம்மா’ என்று காட்டும். நிறுவாத கணினி உள்ளதை உள்ளபடி காட்டிவிடும்.

கடிதம் டொக்கியுமென்ட்ஸில் இருந்ததால் ஒழுங்காக வந்துவிட்டது. எழுத்துருவோ பயனர் தொகுப்புக்கு வெளியே, கணினியின் பொதுவான எழுத்துருக் கோப்புறையில் இருக்கிறது. அது பங்களாக் கட்டில், யாரோடும் போகாது. 2018இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பொன்று, நிர்வாகியின் அனுமதியில்லாமல் ஒருவர் தனக்கென எழுத்துரு நிறுவ இடம்கொடுத்தது. நல்ல வசதிதான். ஆனால் அப்படி நிறுவும் எழுத்துரு போய்ச்சேரும் இடம் ஆப்டேட்டாவின் லொகல் அறை. ‘இன்ன எழுத்துரு இன்ன இடத்தில் இருக்கிறது’ என்ற குறிப்பு பதிவேட்டுக் கோப்பில் ஏறிக் கூடவே வந்துவிடும்; எழுத்துரு வராது. வந்த இடத்தில் முகவரி இருக்கும், வீடு இருக்காது.

கூடவரும் தொகுப்பை எவ்வளவு திருத்தினாலும் இது தீராது. எழுத்துருவைக் கம்பனியின் எல்லாக் கணினிகளிலும் நிர்வாகியே நிறுவிவிடவேண்டும். நிரந்தரத் தீர்வு யுனிகோட். அதில் ‘அ’வுக்கு உலகம் முழுக்க ஒரே எண்; விண்டோஸோடு வரும் எழுத்துருக்களே அதைக் காட்டிவிடும். பாமினியில் பழகிய கைகளுக்கு மாறுவது சுலபமில்லை என்பதை ஒத்துக்கொள்ளவேண்டும். ஆண்டுக்கணக்கான கடிதங்கள் வேறு பாமினியில் கிடக்கின்றன. அதுவரை எழுத்துருவை ஒவ்வொரு கணினியிலும் வைப்பது கம்பனியின் பொறுப்பு.

பழைய திரை ஏன் வந்தது

ஒரு நாள் 80 நிமிடம், இன்னொரு நாள் உடனே, ஆனால் பழைய திரை. இதற்குக் காரணம் விண்டோஸின் முன்யோசனை. உள்நுழையும்போது சர்வருக்கான இணைப்பின் வேகத்தை அது அளந்து பார்க்கிறது. வழமையான அமைப்பில் நொடிக்கு 500 கிலோபிட்டுக்குக் கீழே இறங்கினால், ‘இது மெதுவான இணைப்பு’ என்று முடிவுகட்டி, சர்வரிலிருந்து எதையும் இறக்காமல் அந்தக் கணினியில் முன்பு தங்கிய பிரதியைத் திறந்துவிடும். எல்லாரும் ஒரே நேரத்தில் வேலை தொடங்கும் காலையில் இணைப்பு அந்த வரம்பைத் தொட்டுத் தொட்டு மீளும். கிளாக்கருக்கு அது கணினியின் மனநிலை மாறுவதாகத் தோன்றும்.

மின்வெட்டும் இதே விளைவைத் தரும். மாற்றங்கள் சர்வருக்கு ஏறுவது வெளியேறும்போதுதான். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்ட காலத்தை நினைத்துப்பாருங்கள். முறைப்படி வெளியேறாமல் கணினி அணைந்தால் அன்றைய மாற்றங்கள் தோட்டத்துக் கணினியிலேயே நின்றுவிடும். அடுத்த நாள் ஹட்டனில் திறப்பது முந்தைய பிரதி. இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் உள்நுழைந்திருப்பவருக்கு இன்னொரு சிக்கல். தனித்தனிக் கோப்புகளில் எது புதியது என்று பார்த்து விண்டோஸ் சேர்த்துவிடும். பதிவேட்டுக் கோப்போ ஒரே துண்டு. கடைசியாக வெளியேறிய கணினியின் பிரதியே மற்றதை மூடி எழுதும். ஆகவே பெக்டரிக் கணினியை அப்படியே விட்டுவிட்டு ஆபீஸ் கணினிக்கு ஓடும் பழக்கத்தை டீமேக்கர் கைவிடுவது நல்லது.

தங்கிவிடும் பிரதிகள்

ஒருவர் உட்கார்ந்த ஒவ்வொரு கணினியிலும் அவருடைய தொகுப்பின் ஒரு பிரதி தங்கிவிடுகிறது. ஆள் போய்விடுவார், பிரதி போகாது. அந்தக் கணினியின் நிர்வாக உரிமை உள்ளவர் அதைத் திறந்து பார்க்க முடியும். அதற்குள் சொந்தப் படங்களும் கடிதங்களும் மட்டுமா இருக்கும்? செக்ரோல் கிளாக்கரிடம் தொழிலாளர்களின் தேசிய அடையாள அட்டை எண், சம்பளம், கடன் எல்லாம் இருக்கின்றன.

இந்த மலைகளுக்கு இது புதிய கேள்வியுமில்லை. கங்காணிகள் ஆள்சேர்த்து வேலைவாங்கிய பழைய முறையில் ஒரு தொழிலாளி தோட்டம் மாறவேண்டுமானால் ‘துண்டு’ என்ற சீட்டு கூடப் போனது. இவ்வளவு கடனைக் கட்டினால் இவரை விடுவிக்கிறோம் என்று பழைய தோட்டம் எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டத்தில் ஆளுக்கு முன்னால் அவருடைய கடன் போய் நின்றது. 1921இல்தான் சட்டம் அதைத் தடைசெய்தது. ஒருவரைப் பற்றிய எந்தப் பதிவு அவரைத் தொடரவேண்டும் என்பதை அவரைக் கேட்காமல் மற்றவர்கள் முடிவு செய்தால் என்ன நடக்கும் என்பது இங்குள்ள குடும்பங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இலங்கையில் இப்போது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆபீஸ் மூலையில் கிடக்கும் பழைய கணினியின் வட்டில் உள்ள தொழிலாளர் விவரமும் தனிநபர் தரவுதான்.

விண்டோஸில் இதற்கு இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஆள் வெளியேறியவுடன் பிரதியை அழித்துவிடச் சொல்லலாம். அல்லது இத்தனை நாளாக யாரும் தொடாத தொகுப்பை அழிக்கச் சொல்லலாம். முதலாவது பாதுகாப்பானது, ஆனால் ஒவ்வொரு நாளும் முதல்நாள் ஆகிவிடும்: 50 மெகாபைட்டும் தினமும் மலையேறவேண்டும். தோட்டத்து ஆபீஸுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், முப்பது நாள் என்ற கெடுவோடு. பலரும் வந்துபோகும் பயிற்சி அறைக் கணினிகளுக்கு முதலாவது.

மேகத்துக்குப் போன பிறகு

இப்போது பல கம்பனிகள் சொந்த சர்வரைக் கைவிட்டு வன்ட்ரைவ் போன்ற இணையச் சேமிப்புக்கு மாறுகின்றன. டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் அது தூக்கிக்கொள்கிறது. 2017 முதல், கோப்பின் பெயரை மட்டும் காட்டிவிட்டு, திறக்கும்போது இறக்கிக்கொள்ளும் வசதியும் அதில் இருக்கிறது. மெதுவான இணைப்புக்கு இது பெரிய உதவி. ஏழாம் நம்பர் மலையின் படம் எந்தக் கணினியிலிருந்தும் கிடைக்கும்.

ஆனால் அந்த மூன்றைத் தூக்கும் ஏற்பாடு ஆப்டேட்டாவைத் தொடுவதில்லை. வேர்டு அகராதியும் புரொடெக்ட் கோப்புறையும் ஃபயர்ஃபொக்ஸ் பக்கக்குறிகளும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. அவற்றைக் கொண்டுசெல்ல வேறு கருவி வேண்டும். மைக்ரோசொஃப்ட் 2018இல் வாங்கிய எஃப்எஸ்லொஜிக்ஸ் முழுத் தொகுப்பையும் ஒரே மெய்நிகர் வட்டாக்கிச் சர்வரில் வைத்து, உள்நுழையும்போது அதைக் கணினியோடு இணைத்துவிடுகிறது. ஏற்றி இறக்கும் வேலை போய்விட்டது. ஆனால் அந்த வட்டை நொடிக்கு நொடி வாசிக்க சர்வர் பக்கத்திலேயே இருக்கவேண்டும். தரவு மையத்துக்குள் அது அருமையாக ஓடும். 2 மெகாபிட் மலை இணைப்பின் மறுமுனையில் ஓடாது. அந்த வட்டுக்குள் எந்தக் கோப்புறையைச் சேர்ப்பது, எதை வெளியே விடுவது என்பதற்கு அதற்கும் ஒரு பட்டியல் உண்டு. அதையும் ஒருவர் கையால்தான் எழுதவேண்டும். புதிய மென்பொருள் ஒன்று ஆபீஸுக்குள் வரும்போதெல்லாம் ரோமிங் அறையை மறுபடி திறந்து பார்த்து, கிளாக்கரையும் ஒரு வார்த்தை கேட்டுத் திருத்தவேண்டும்.